நியூக்மேப்: வட்டம் சரிதான், சுவரைக் கேட்காதீர்கள்

அணுகுண்டு வெடித்தால் எவ்வளவு தூரத்தில் எந்தக் கட்டடம் நிற்கும் என்ற கேள்வி வந்தால் பலரும் திறப்பது நியூக்மேப் என்ற இணையக் கருவியைத்தான். அறிவியல் வரலாற்றாசிரியரான அலெக்ஸ் வெல்லர்ஸ்டீன் 2012-இல் வெளியிட்டது. காசு கிடையாது, பதிவு செய்ய வேண்டாம். வரைபடத்தில் ஊசியை வைத்து, வெடிப்பின் வலுவைக் கிலோடனில் (ஒரு கிலோடன் என்பது ஆயிரம் டன் டிஎன்டி வெடிமருந்துக்குச் சமம்) போட்டு, பொத்தானை அழுத்தினால் வட்டங்கள் விரியும். கட்டடத்துக்கு வேண்டியவை 20, 5, 1 பிஎஸ்ஐ அழுத்த வட்டங்கள். பிஎஸ்ஐ என்பது சதுர அங்குலத்துக்கு எத்தனை பவுண்டு கூடுதல் அழுத்தம் என்ற அளவு. வேறு பிஎஸ்ஐ வேண்டுமானாலும் நாமே கொடுக்கலாம்.

இதை உரசிப் பார்க்க அமெரிக்காவின் நெவாடா அணுச்சோதனைக் களத்தைவிட நல்ல கல் இல்லை. 1955 மே 5 அன்று ஆப்பிள்-2 சோதனையில் 500 அடி கோபுரத்தின் உச்சியில் 29 கிலோடன் வெடித்தது. பல வகை வீடுகளை நிஜமாகவே கட்டி நிறுத்தி, எது எந்த அழுத்தத்தில் என்ன ஆனது என்று பதிவு செய்தார்கள்.

29 என்று போட்டு அப்படியே வெடிக்கவிட்டால் முதல் தப்பு அங்கேயே நடந்துவிடும். கருவி தானாக எடுத்துக்கொள்வது வான்வெடிப்பு. அதுவும் 5 பிஎஸ்ஐ வட்டம் முடிந்தவரை பெரிதாக வரும் உயரத்தில். அந்த உயரத்தில் நேரடி அலையும் தரையில் பட்டுத் திரும்பும் அலையும் ஒன்று சேர்ந்து ஒரே அலையாகிவிடும். அதனால் தரைவெடிப்போடு ஒப்பிட்டால் வட்டத்தின் ஆரம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. 29 கிலோடனுக்கு அது 2 கிலோமீட்டர் பக்கம் போகும். ஆனால் நெவாடாவில் 5 பிஎஸ்ஐ வாங்கிய செங்கல் வீடு 4,700 அடியில், அதாவது சுமார் 1,430 மீட்டரில் இருந்தது. மேம்பட்ட அமைப்புகளுக்குள் போய், உயரத்தை 500 அடி என்று நீங்களே கொடுங்கள். வட்டம் சுருங்கி, ஒப்பிடும்படியான இடத்துக்கு வரும். செய்தித்தாள் படங்களில் வரும் வட்டங்களில் எத்தனை இந்தப் பெட்டியைத் தொடாமல் வந்தவையோ!

அடுத்தது வட்டத்தோடு வரும் விளக்கம். 5 பிஎஸ்ஐ-க்குள் பெரும்பாலான குடியிருப்புகள் இடிந்துவிடும் என்கிறது. மரச்சட்ட வீட்டுக்கு அது சரி. 1953 மார்ச் 17-இல் நடந்த 16 கிலோடன் ஆனி சோதனையில், 3,500 அடியில் இருந்த இரண்டடுக்கு மரவீடு இதே அழுத்தத்தில்தான் போனது. கீழ்த்தளம் நொறுங்கி, மேல்தளம் அந்தக் குப்பை மேல் உட்கார்ந்தது. ஆப்பிள்-2-இல் கம்பி இல்லாத இரண்டடுக்கு செங்கல் வீட்டின் பக்கச் சுவர்களும் பின்சுவரும் வெளிப்பக்கமாகத் தெறித்தன. கூரையின் பின்பாதி வீட்டுக்குப் பின்னால் 50 அடி தள்ளிப் போய் விழுந்தது.

அதே 5 பிஎஸ்ஐ-யில் இன்னும் இரண்டு ஒற்றைத்தள வீடுகள் இருந்தன. ஒன்று, 8 அங்குல பிளாக் சுவருக்குள் கம்பி கொடுத்துக் கட்டியது. மற்றது, முன்வார்ப்பு காங்கிரீட் பலகைகளை இரும்புக் காதுகளில் வெல்டிங் செய்து கோத்தது. கதவு, ஜன்னல் எல்லாம் போயின. சுவரும் கூரையும் சிறு சேதத்தோடு நின்றன. வட்டம் ஒன்றுதான், முடிவு இரண்டு. பிழைக்க வைத்தவை கம்பியும், சுவர், கூரை, அஸ்திவாரம் மூன்றும் ஒன்றையொன்று விடாமல் பிடித்திருந்ததும். கருவியில் சுவர் வகையைக் கேட்கும் பெட்டியே கிடையாது.

எண்ணாகப் பார்த்தால் இன்னும் விளங்கும். 10 அடிக்கு 10 அடி சுவரில் 5 பிஎஸ்ஐ என்றால் 72,000 பவுண்டு, கிட்டத்தட்ட 33 டன், பக்கவாட்டில். அலை நேருக்கு நேர் மோதும் சுவரில் அது பிரதிபலித்து ஒரு கணம் 11 பிஎஸ்ஐ வரை ஏறும். ஜன்னல் உடைந்து காற்று உள்ளே புகுந்தால் இரு பக்க அழுத்தமும் சமமாகி, சுவர் சற்றுத் தப்பிக்கும். ஆக, பெரிய ஜன்னல் சில சமயம் கட்டடத்துக்கு நல்லது, உள்ளே இருப்பவருக்குக் கெட்டது. வெளிப்பூச்சுத் தகடுகள் பறந்துவிட்ட இரும்புச் சட்டக் கட்டடத்தில் கணக்கே வேறு. அதை வளைப்பது அலையின் பின்னால் வரும் காற்று. 5 பிஎஸ்ஐ-யில் அதன் வேகம் மணிக்கு சுமார் 163 மைல். அழுத்தம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதும் முக்கியம்: ஒரே பிஎஸ்ஐ ஆனாலும் 1 மெகாடனில் (ஆயிரம் கிலோடன்) அது 1 கிலோடனைவிட 10 மடங்கு நேரம் தள்ளிக்கொண்டே இருக்கும். வட்டத்தைப் பார்த்து இது எதுவும் தெரியாது.

திசையும் மேடுபள்ளமும் அப்படித்தான். ஹிரோஷிமாவில் இன்று நினைவுச் சின்னமாக நிற்கும் குவிமாடக் கட்டடம், வெடிப்புக்கு நேர்கீழான புள்ளியிலிருந்து சுமார் 160 மீட்டரில்தான் இருந்தது. குண்டு வெடித்ததோ ஏறக்குறைய 600 மீட்டர் உயரத்தில். அழுத்தம் மேலிருந்து இறங்கியதால் நிமிர்ந்த சுவர்களில் ஒரு பகுதி தாங்கியது. நாகசாகியில் உரகாமி பள்ளத்தாக்கின் குன்றுகள் நகரின் மறுபக்கத்தை ஓரளவு மறைத்தன. நியூக்மேப்புக்கு ஊர் எல்லாம் தட்டைத் தரைதான்.

கதிர்வீச்சுப் படிவுக் கணக்கு வேறு சங்கதி, இங்கே வேண்டாம்.

ஒரு பகுதியை மேலோட்டமாக வகைப்படுத்த இதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். 5, 1 என்ற இரண்டோடு நிற்காமல் 4, 2.6, 1.7 வட்டங்களையும் போடுங்கள். நெவாடா வீடுகளின் பதிவு இருப்பது இந்த அழுத்தங்களில்தான். வலுப்படுத்திக் கட்டிய மரவீடு 4-இல் நின்றாலும் கடுமையாகச் சேதமடைந்தது. செங்கல் வீடு 10,500 அடியில், 1.7-இல், பழுதுபார்க்கக்கூடிய சேதத்தோடு நின்றது. 1 பிஎஸ்ஐ வட்டத்தைக் கண்ணாடிக் கணக்காக மட்டும் வையுங்கள். 10,500 அடிக்கு அலை வந்து சேர எட்டொன்பது விநாடி ஆகும். வெளிச்சம் பார்த்து ஜன்னலுக்கு ஓடி வந்து, உடையும் கண்ணாடிக்கு முன்னால் நிற்க அது போதும்.