ஊட்டி மலைச்சாலையில் ஏழு ஆண்டுகள்: என் லாரியின் காற்றுக் கசிவுகள்

2018-இல் வாங்கிய ஆறு சக்கர லாரி என்னுடையது. கேத்திப் பக்கத்துக் கேரட்டையும் முட்டைக்கோசையும் ஏற்றி, குன்னூர், பர்லியாறு வழியாக மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்குகிறேன். எஞ்சினைப் பற்றிச் சொல்ல எனக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஏழு ஆண்டுகளில் என் பணத்தையும் தூக்கத்தையும் அதிகம் தின்றது, காற்றழுத்தத்தில் இயங்கும் அதன் ஏர் பிரேக்தான்.

முதல் ஆண்டில் கசிவே இல்லாத இடத்தில் கசிவைத் தேடினேன். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று ஏறக்குறைய கால் பங்கு மெலிந்திருப்பதால், மேட்டுப்பாளையத்தில் சட்டென நிரம்பும் பிரேக்கின் காற்றுத் தொட்டி மேலே நிரம்பத் தாமதமாகிறது. தொட்டிக்குக் காற்றை அழுத்தி நிரப்பும் கம்ப்ரஸர் போய்விட்டது என்று நினைத்தேன். பனிக்காலக் காலையில் காற்றழுத்த மீட்டரின் முள் இறங்கியிருப்பதும் அப்படித்தான். 30 டிகிரிச் சூட்டில் 8 பார் நிரம்பிய காற்று 5 டிகிரிக்கு ஆறினாலே முள் சுமார் 0.7 பார் இறங்கிவிடும். அதனால் வண்டி ஆறிய பிறகு ஒருமுறை முள்ளைக் குறித்துவைத்து, அங்கிருந்துதான் கணக்கெடுக்கிறேன்.

உண்மையான கசிவு மூன்றாம் ஆண்டில் வந்தது. பின்அச்சுக்கு மேலே இருந்து, பெடலை மிதித்ததும் பின்சக்கரங்களுக்குக் காற்றை அனுப்பும் ரிலே வால்வின் வாயிலிருந்து ஓயாத 'உஸ்'. ஒரு பட்டறையில் வால்வை மாற்றினார்கள், சத்தம் நிற்கவில்லை. புது வால்வே பழுது என்று சொல்லி இன்னொன்றையும் மாட்டினார்கள். அப்போதும் நிற்கவில்லை. பர்லியாற்றில் தேநீருக்கு நிறுத்தியபோது, மூத்த ஓட்டுநர் ஒருவர் குனிந்து காது கொடுத்துவிட்டு, "தம்பி, வால்வை விடு. ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டுக் கேள்" என்றார். போட்டேன். சத்தம் அடங்கியது. எடுத்தேன். மீண்டும் 'உஸ்'.

காற்றின் அழுத்தத்தைப் பிரேக்குக்குக் கொடுக்கும் பின்சக்கர பிரேக் சேம்பருக்குள் இரண்டு அறைகள். ஒன்றில், ஹேண்ட் பிரேக்கை எடுத்திருக்கும்வரை காற்று நின்று, ஹேண்ட் பிரேக்கைப் பிடிக்கும் பெரிய சுருள்வில்லை அழுத்தி வைத்திருக்கும். மற்றது பெடலை மிதிக்கும்போது மட்டும் நிரம்பும். நடுவே இருக்கும் ரப்பர் சீல் தேய்ந்தால், முதல் அறையின் காற்று இரண்டாவதற்குள் நுழைந்து, பெடல் குழாய் வழியே திரும்பி ரிலே வால்வின் வாயில் வெளியேறும். ஹேண்ட் பிரேக்கைப் போட்டால் முதல் அறை காலியாகிறது, சத்தமும் நிற்கிறது. பழுதான இடம் ஒன்று, சத்தம் கேட்கும் இடம் வேறொன்று. எந்தப் பக்கம் என்று அறிய, சமதளத்தில் எல்லாச் சக்கரங்களுக்கும் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு, சேம்பரிலிருந்து பெடல் குழாயை ஒவ்வொன்றாகக் கழற்றினோம். இடது சேம்பரின் வாயிலிருந்து காற்று வந்தது. இரண்டு வால்வுகளின் விலை வீணாய்ப் போனது இன்றும் எனக்கு வலிக்கிறது.

அதன் பிறகு, கசியும் இடத்தில் குமிழிவிட்டுக் காட்டும் சோப்புத் தண்ணீரை நான் கடைசியில்தான் எடுக்கிறேன். முதலில் சக்கரங்களுக்குக் கட்டை, தொட்டி முழுக்கக் காற்று, எஞ்சின் நிறுத்தம். ஹேண்ட் பிரேக் போட்டபடியே முள் இறங்கினால் தொட்டி, டிரையர் (காற்றின் ஈரத்தை நீக்குவது), நைலான் குழாய்களின் இணைப்புகள். ஹேண்ட் பிரேக்கை எடுத்த பிறகு மட்டும் இறங்கினால் சுருள்வில் பக்கம். சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே கட்டை கொடுத்து அழுத்தி வைத்தால் மட்டும் இறங்கினால் பெடல் வால்வு, டயாபிரம் (சேம்பருக்குள் இருக்கும் ரப்பர் தகடு), சக்கர ஹோஸ். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் தனித்தனியாக இருக்கும் இரண்டு முள்களில் எது இறங்குகிறது என்பதும் பாதி விடை. அமெரிக்க ஓட்டுநர் தேர்வில் பெடலை மிதித்த நிலையில் தனி லாரிக்கு நிமிடத்துக்கு 3 பிஎஸ்ஐ, அதாவது 0.2 பார் வரை அனுமதி. பாரத்தோடு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் எனக்கு அதுவே அதிகம்.

டிரையர் பற்றி ஒரு வார்த்தை. தொட்டி நிரம்பியதும் அது ஒருமுறை தும்முவது இயல்பு; தொடர்ந்து சீறினால் அடிவால்வில் கசடு. கம்ப்ரஸர் எண்ணெய் கக்குகிறதா என்று பார்க்காமல் டிரையரை மட்டும் மாற்றினால் அதே கசடு திரும்ப வரும். தலைகுந்தா பக்கம் உறைபனி விழும் நாட்களில் தொட்டியின் தண்ணீரை முந்தைய மாலையே வடித்துவிடுகிறேன்.

சேம்பரின் சுருள்வில் பக்கத்தை மட்டும் யாரும் வழியில் பிரிக்காதீர்கள். வில்லை அழுத்திப் பிடிக்கும் கூண்டு போல்ட் போட்டுப் பூட்டாமல் சேம்பரைச் சுற்றிய பட்டையைத் தளர்த்தினால், தெறிக்கும் வில் ஆளையே கொன்றுவிடும்.

சமவெளியில் டிரெய்லர் ஓட்டும் என் மைத்துனரும் இதே வரிசையில்தான் பார்க்கிறார். அவர் முதலில் டிரெய்லருக்குப் போகும் காற்றை அடைக்கிறார். கசிவு நின்றால் பின்வண்டி; பெரும்பாலும் இரு வண்டிகளின் காற்றுக் குழாய்களை இணைக்கும் கப்ளிங்கின் ரப்பர் வாஷர்.

இப்போது என் வண்டியில் பெடலை அழுத்தினால் பின்சக்கர முள் நிமிடத்துக்கு 0.1 பார் இறங்குகிறது. வலது டயாபிரம் என்று நினைக்கிறேன். ஞாயிறு மண்டி விடுமுறையில் பிரித்துப் பார்க்க வேண்டும்.