ஹார்மோன் வேண்டாம் என்றால் காப்பர்-டி: நீண்டகாலப் பயன்பாட்டில் தெரிய வருவது

கருத்தடை மாத்திரையையும் ஊசியையும் ஒதுக்குகிறவர்கள் எல்லோரும் வீண் பயத்தில் ஒதுக்குவதில்லை. கண்ணில் ஒளிக்கோடுகள் மினுங்கிவிட்டு ஒற்றைத் தலைவலி வருகிறவர்கள், காலில் இரத்தம் உறைந்து சிகிச்சை எடுத்தவர்கள், 35 வயதைத் தாண்டியும் புகைப்பவர்கள் ஆகியோருக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையே ஆகாது. வலிப்புக்குக் கார்பமசெபைன், காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுத்தால் மாத்திரையின் பலன் குறையும். மூன்று மாத ஊசியை நிறுத்தினாலும் கரு தரிக்கப் பல மாதங்கள் ஆகலாம். இன்னும் சிலருக்கு மனம் சோர்கிறது, ஆசை குறைகிறது. இதுவும் காரணம்தான், மருத்துவச் சான்று தேவையில்லை.

இவர்கள் கோலாலம்பூரில் கிளினிக் கெசிஹாத்தானிலோ (அரசு சுகாதார கிளினிக்) தனியார் மகப்பேறு மருத்துவரிடமோ காப்பர்-டி, அதாவது கர்ப்பப்பைக்குள் பொருத்தும் ஹார்மோன் இல்லாத செம்புக் கருவி, பற்றிக் கேட்கலாம். டி 380ஏ மாடலில் 380 சதுர மி.மீ. செம்புப் பரப்பு உண்டு. அந்தச் செம்பு விந்தணுவைச் செயலிழக்கச் செய்கிறது. முதல் வருடத்தில் 100 பேரில் ஒருவருக்கும் குறைவாகவே கரு தரிக்கும். வழக்கமான பயன்பாட்டில் மாத்திரைக்கு இது சுமார் 7, ஆணுறைக்கு 13. எல்லாக் காப்பர் மாடல்களும் 10 வருடம் தாங்கும் என்றில்லை. 5 வருட மாடல்களும் உண்டு. மாடல் பெயரும் பொருத்திய தேதியும் எழுதிய அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். கிளினிக் மாறும்போது அதுதான் கைகொடுக்கும்.

பொருத்துவதற்குச் சில நிமிடம் போதும். கர்ப்பப்பையின் ஆழத்தை அளக்கும்போதும் கருவி உள்ளே போகும்போதும் சுருக்கென்று வலிக்கும், தலை சுற்றலாம். வெறும் வயிற்றோடு போகாதீர்கள். கருவியின் அடியில் தொங்கும் நூலை ஏறக்குறைய 3 செ.மீ. விட்டு வெட்டச் சொல்லுங்கள். அதிகம் குட்டையானால் முனை விறைத்துக் கணவருக்குக் குத்தும். கொஞ்சம் நீளமாக இருந்தால் நாளடைவில் மடங்கி ஒதுங்கிக்கொள்ளும்.

உண்மையான சோதனை முதல் 3 முதல் 6 மாதம். மாதவிலக்கு நாள் நீளும், இரத்தப்போக்கு கூடும், இடையிடையே சொட்டும். தைப்பூசத்துக்குப் பால்குடம் நேர்ந்திருப்பவர்கள் அதற்கு முந்தைய மாதம் பொருத்தாமல் இருப்பது நல்லது. விலக்கைத் தள்ளிப்போடப் போடும் நோரெத்திஸ்டிரோனும் ஹார்மோன்தான். ஹார்மோன் வேண்டாம் என்பவர்களே அதை யோசிக்காமல் விழுங்குகிறார்கள். இரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. அந்த மாத்திரை கருத்தடையும் ஆகாது.

போக்கு அதிகமான நாட்களில் மெஃபனாமிக் ஆசிட் 500 மி.கி. உணவுக்குப் பின் நாளுக்கு மூன்று வேளை எடுத்தால் வலியும் போக்கும் குறையும். வயிற்றுப்புண், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது சரிப்படாது. ஏற்கெனவே போக்கு அதிகம், இரத்தசோகை என்றால் எங்கள் கணிப்பில் காப்பர் சரியான தேர்வு இல்லை. மற்றவர்களும் ஹீமோகுளோபினோடு, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பார்ப்பது நல்லது. அந்தச் சேமிப்புதான் முதலில் கரையும்.

கழன்று விழுவது பெரும்பாலும் முதல் வருடத்தில், அதுவும் விலக்கு சமயத்தில். ஒவ்வொரு விலக்கும் முடிந்தபின் விரலால் நூலைத் தொட்டுப் பாருங்கள். நூல் தட்டுப்படாவிட்டாலோ, கெட்டியான பிளாஸ்டிக் முனை தட்டுப்பட்டாலோ ஸ்கேன் எடுக்கும்வரை ஆணுறை. மாதவிடாய்க் கப் வைப்பவர்கள் அடியை அழுத்திக் காற்றை விட்ட பிறகே இழுக்க வேண்டும். விலக்கு தள்ளிப்போய் ஒரு பக்கம் அடிவயிறு வலித்தால் உடனே ஆஸ்பத்திரி: கரு தரிப்பது அரிது, தரித்தால் குழாயில் தங்கும் வாய்ப்பு அதிகம்.

ஹார்மோன் இல்லாத மற்ற வழிகளான நாள் கணக்கும் உடல் வெப்பக் கணக்கும் எப்படி? கண்விழித்ததும் எழாமல் வெப்பம் பார்க்க வேண்டும். கருமுட்டை வெளியான பின் கூடுவது 0.2 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் மட்டுமே. பினாங்கின் தொழிற்சாலைப் பகுதியான பாயான் லெப்பாஸில் பகல் ஷிப்ட், இரவு ஷிப்ட் என்று மாறுகிறவர்களுக்கு அந்த அட்டவணை குழம்பிவிடும். ஆணுறையோடு தேங்காய் எண்ணெய் சேர்ந்தால் லேடெக்ஸ் கிழியும். வெயிலில் நிற்கும் காரிலும் வைக்கக்கூடாது. ஆனால் பால்வினை நோயைத் தடுப்பது ஆணுறை மட்டுமே, காப்பர் தடுக்காது.

எடுப்பது சுலபம்: நூலைப் பிடித்து மெதுவாக இழுத்தால் கருவியின் கைகள் மடங்கி வெளியே வரும். காலாவதியானால் அதே அமர்வில் புதியதை வைக்கலாம். குழந்தை வேண்டுமானால் அடுத்த சுழற்சியிலேயே முயலலாம். வேண்டாம் என்றால், எடுப்பதற்கு முந்தைய 7 நாட்களும் ஆணுறை அவசியம்.