வீல் பேரிங் மாற்றம்: சுத்தியலா, புல்லரா, லேத் பட்டறையா?

கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரி வரை நேராக ஓடும் நெடுஞ்சாலையில், வேகத்தோடு சேர்ந்து உயரும் ரீங்காரம் டயருடையதா, சக்கரம் தடையின்றிச் சுழல உதவும் பேரிங்குடையதா என்று பிரித்தறிவது கடினம். தொப்பூர் கணவாயின் வளைவுகளில் அது தெரிந்துவிடும். இடப்புறம் திரும்புகையில் வண்டியின் பாரம் வலச் சக்கரத்துக்கு மாறுவதால், அப்போது ஒலி கூடினால் பெரும்பாலும் வலப்புறப் பேரிங்தான் தேய்ந்திருக்கும்.

சக்கரம் பூட்டப்படும் நடுப்பகுதியான ஹப், பேரிங்கோடு ஒரே தொகுதியாகப் போல்ட்டில் பூட்டப்படும் கார்களில் யோசிக்க ஒன்றுமில்லை, வீட்டிலேயே மாற்றிவிடலாம். சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பாகமான நக்கிளுக்குள் அழுத்தி இறக்கும் பேரிங்கில்தான் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

சுத்தியலுக்குச் செலவே இல்லை. ஆனால் பேரிங்கை நக்கிளில் இறக்கும்போது விசை வெளி ரேஸின்மீது (குண்டுகளுக்கு வெளியே உள்ள வளையத்தின்மீது) மட்டும் விழ வேண்டும். ஹப்பை ஏற்றும்போது உள் ரேஸுக்குக் கீழே தாங்கல் கொடுக்க வேண்டும். இதில் பிசகினால் அடி குண்டுகள் வழியாக இறங்கி, ரேஸில் நுண்ணிய பள்ளங்கள் விழுந்து, புதிய பேரிங்கும் விரைவிலேயே இரையத் தொடங்கும். எப்படியும் தூக்கியெறியப்போகும் பழைய பேரிங்கைக் கழற்றுவதற்கு மட்டும் சுத்தியலை ஏற்கலாம்.

திருகு புல்லர் நேராக, சீராக அழுத்தும். நக்கிளைக் கழற்றாமலே வேலை முடிவதால் அலைன்மென்ட்டும், அதாவது சக்கரங்களின் கோண அமைப்பும், கெடுவதில்லை. துருப்பிடித்து இறுகிய பேரிங்கிடம்தான் அது திணறும். ஒரே ஒரு காருக்காக அதை வாங்குவது எனக்கு வீண் செலவாகவே படுகிறது.

நக்கிளை வீட்டில் கழற்றி, இருசக்கர வண்டியில் லேத் பட்டறைக்கு எடுத்துச் சென்று, ஹைட்ராலிக் பிரஸ்ஸில் ஏற்றி வருவதையே நான் பரிந்துரைப்பேன். லாரியும் டிராக்டரும் நிறைந்த இம்மாவட்டங்களில் அத்தகைய பட்டறையைத் தேடி அலைய வேண்டியதில்லை. நக்கிளை ஸ்ட்ரட்டோடு (சஸ்பென்ஷன் தூணோடு) இணைக்கும் போல்ட்டுகளின் இடத்தைக் கழற்றுமுன் குறித்துக்கொண்டாலும், பிறகு அலைன்மென்ட் பார்த்துவிடுவது நல்லது. ஏபிஎஸ் (பிரேக் போடுகையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள கார்கள் பலவற்றில், சக்கர வேகத்தைச் சென்சார் அறிவதற்காகப் பேரிங்கின் ஒரு முகத்தில் காந்த வளையம் இருக்கும். அது சென்சார் பக்கம் அமைய வேண்டும் என்பதைப் பட்டறைக்காரரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். லேத் மேசையில் சிதறிக் கிடக்கும் இரும்புத் துகள்கள் அந்த வளையத்தில் ஒட்டிக்கொள்ளுமாதலால், அழுத்தப்போகும் நேரம்வரை உறையைப் பிரிக்காமல் இருப்பதே சரி.

எந்த வழியாயினும் ஆக்சில் நட்டைப் புதிதாகப் போட்டு, அந்தக் காருக்கான கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானரால்) இறுக்க வேண்டும். அதை முறுக்காமல் சக்கரத்தைத் தரையில் இறக்கி வண்டியின் எடையை ஏற்றினால், பொருத்திய அன்றே பேரிங் பழுதாகலாம்.