ஆறு லட்சத்துக்கு முதல் எஸ்.யு.வி.: நெல்லைச் சீமைக்கு பிரெஸ்ஸாவா, எகோஸ்போர்ட்டா, டஸ்டரா, பொலேரோவா?

கையில் ஆறு லட்சம் இருக்கிறது, முதல் காரே கொஞ்சம் உயரமான வண்டியாக இருக்கட்டும் என்று பாளையங்கோட்டையிலோ வண்ணார்பேட்டையிலோ பழைய கார் விற்கும் ஒரு கன்சல்டிங்கில் போய் நின்றால், பெரும்பாலும் நான்கு வண்டிகளைத்தான் காட்டுவார்கள். மாருதி விட்டாரா பிரெஸ்ஸா டீசல், ஃபோர்டு எகோஸ்போர்ட், ரெனோ டஸ்டர், மஹிந்திரா பொலேரோ. ஸ்கார்பியோவும் கிரெட்டாவும் ஓரமாக நிற்கும். ஆனால் இந்த விலைக்கு இறங்கி வந்த ஸ்கார்பியோ நன்றாக உழைத்துக் களைத்திருக்கும். கிரெட்டாவுக்கு இருக்கிற கிராக்கியில் நல்லது ஒன்று இந்த விலைக்கு அமைவது கஷ்டம். டாடா நெக்ஸான் 2018 டிசம்பரில் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய வண்டி. கையில் பணம் கூடினால் அதையும் சேர்த்துப் பாருங்கள். இங்கே அந்த நான்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அதற்கு முன் ஒரு காரியம். ஆறில் ஒரு லட்சத்தை முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். டயர், கிளட்ச், சஸ்பென்ஷன் புஷ், இன்சூரன்ஸ், பெயர் மாற்றம் என்று அந்தப் பணத்துக்குச் சீக்கிரமே வேலை வரும். அதனால் வண்டிக்கான பட்ஜெட் ஐந்துதான்.

என் தீர்ப்பை இப்போதே சொல்லிவிடுகிறேன். முதல் தடவை வாங்குகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு 2017-க்குப் பிறகு வந்த பிரெஸ்ஸா டீசல்தான் சரி. நான்கில் ஓட்டுவதற்குச் சிறந்தது அது இல்லை. ஓட்டுவதை மட்டும் வைத்துப் பார்த்தால் அதற்கு மூன்றாம் இடம்தான் கொடுப்பேன். ஆனால் பழைய வண்டி என்றைக்காவது ஒருநாள் வழியில் நிற்கும். அது வள்ளியூரிலோ சங்கரன்கோவிலிலோ அம்பாசமுத்திரத்திலோ நின்றால், பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் இருப்பவருக்கு அந்த இன்ஜின் தெரிந்திருக்க வேண்டும். பிரெஸ்ஸாவில் இருப்பது ஃபியட்டின் 1.3 மல்ட்டிஜெட். ஸ்விஃப்ட், டிசையர், எர்டிகா என்று மாருதி பல வருஷம் போட்ட அதே இன்ஜின். டாடாவும் விஸ்டாவில் போட்டது. அதைக் கழற்றி மாட்டிப் பழகாத டீசல் மெக்கானிக்கை இந்தப் பக்கம் தேடித்தான் பிடிக்க வேண்டும். டைமிங் பெல்ட் கிடையாது, செயின். ஆயிலை ஒழுங்காக மாற்றிவந்தால் நீண்ட காலம் உழைக்கும்.

குறையும் உண்டு. டர்போ பிடிக்கும் வரை, அதாவது இரண்டாயிரம் ஆர்.பி.எம். தொடும் வரை, வண்டி சோம்பலாக இருக்கும். மணிமுத்தாற்றிலிருந்து மாஞ்சோலை ஏறும் பாதையில் கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாவது கியரில் திணறும். முதல் கியருக்கு இறக்கித்தான் ஏற்ற வேண்டும். (வனத்துறை அனுமதி வாங்கித்தான் அங்கே போக முடியும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்.) பின் சீட்டில் பள்ளம் மேடு கொஞ்சம் தூக்கிப் போடும். 2018-ல் குளோபல் என்கேப் சோதனையில் நான்கு நட்சத்திரம் வாங்கியது. ஆனால் 2016-ல் வந்த அடிப்படை வேரியண்ட்டில் ஓட்டுநருக்கு மட்டும்தான் ஏர்பேக். விலை குறைவு என்று அதை வாங்கிவிடாதீர்கள். இரண்டு ஏர்பேக்கும், பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ்ஸும் இருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள்.

எகோஸ்போர்ட் எனக்குப் பிடித்த வண்டி. 2013-ல் வந்தது, நம் மறைமலை நகரில் செய்தது. ஸ்டீயரிங் பிடித்த பிடிக்கு நிற்கும். ஆனி, ஆடியில் காவல்கிணறு தாண்டி முப்பந்தல், ஆரல்வாய்மொழி வழியாக நாகர்கோவில் போனவர்களுக்குத் தெரியும், கணவாயிலிருந்து வரும் காற்று வண்டியை எப்படிப் பக்கவாட்டில் தள்ளும் என்று. அந்த இடத்தில் இந்த நான்கில் டஸ்டரும் எகோஸ்போர்ட்டும்தான் மனதுக்கு நிம்மதி. பொலேரோவில் ஸ்டீயரிங்கை விடாமல் திருத்திக்கொண்டே போக வேண்டும். வாங்கும் முன் ஓட்டிப் பார்ப்பது என்றால், முடிந்தவரை இந்த ரோட்டில் ஒருதரம் ஓட்டிப் பாருங்கள். கன்சல்டிங் இருக்கும் தெருவைச் சுற்றி வருவதில் ஒன்றும் தெரியாது.

2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. அதற்குப் பிறகு எகோஸ்போர்ட்டின் விலை இறங்கியது. அதே பணத்துக்குப் புதிய வருஷத்து மாடல் கிடைப்பது அதனால்தான். 1.5 டீசல் இன்ஜின் ஃபிகோ, ஆஸ்பயர், ஃப்ரீஸ்டைல் மூன்றிலும் இருக்கிறது. ஆகவே ஃபில்டர், பெல்ட், கிளட்ச் மாதிரி ஓடித் தேயும் சாமான்களுக்குப் பெரிய பஞ்சமில்லை. கஷ்டம் பாடி பாகங்களில்தான். ஹெட்லைட், பம்பர், பின்கதவு என்று ஏதாவது அடிபட்டால் மதுரைக்கோ சென்னைக்கோ சொல்லிவிட்டுக் காத்திருக்க நேரும். உங்களுக்கு இது ஒன்றே வண்டி, தினம் வேலைக்குப் போக இதுதான் என்றால், அந்தக் காத்திருப்பைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இன்னொரு வண்டி இருக்கிறது, நீங்களே ரசித்து ஓட்டுவீர்கள் என்றால் எகோஸ்போர்ட்டை எடுங்கள். ஆரம்ப வருஷங்களில் வந்த பெட்ரோல் ஆட்டோமேட்டிக் மட்டும் வேண்டாம். அது டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ்; பழுதானால் செலவு தாங்காது.

டஸ்டரை ஓட்டிப் பார்த்தவர்கள் வேறு வண்டியில் ஏறினால் ஒப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். நான்கில் சஸ்பென்ஷன் அதற்குத்தான் முதலிடம். கிராமத்து உடைந்த ரோட்டில் வேகத்தைக் குறைக்காமல் போகலாம்; உள்ளே இருப்பவர்களுக்கு அலுப்புத் தெரியாது. தரையிலிருந்து 205 மில்லிமீட்டர் உயரம், டிக்கி 475 லிட்டர். குடும்பத்தோடு குலதெய்வக் கோயிலுக்குப் பொங்கல் பானை, விறகு முதற்கொண்டு ஏற்றிக்கொண்டு போகிறவர்களுக்கு இந்த டிக்கி பெரிய வசதி. ஆனால் 4.3 மீட்டருக்கு மேல் நீளம், 1.8 மீட்டருக்கு மேல் அகலம். நெல்லை டவுனில் ரத வீதியை விட்டு உள்தெருவுக்குள் திருப்பும்போது, புதிதாக ஓட்டுகிறவருக்கு வேர்த்துவிடும். மற்ற மூன்றில் பிரெஸ்ஸாவும் எகோஸ்போர்ட்டும் நான்கு மீட்டருக்குள். 2016-ல் பவர் பிளஸ் மாடல் வந்தபோது பொலேரோவும் அந்த அளவுக்குள் வந்துவிட்டது. அதற்குக் காரணம் வரிச் சலுகை. நான்கு மீட்டருக்குள் நீளமும் 1500 சி.சி.க்குள் டீசல் இன்ஜினும் இருந்தால் வரி குறைவு.

டஸ்டரில் 85 பி.எஸ். சக்தி, 110 பி.எஸ். சக்தி என்று இரண்டு டீசல் உண்டு. முதல் வண்டிக்கு 85 போதும். டவுனுக்குள் மெதுவாக ஓட்டுவதற்கு அதுதான் இணக்கம். 110 நான்குவழிச் சாலையில் மதுரைக்கு அடிக்கடி போய் வருகிறவர்களுக்கு. இரண்டிலும் டைமிங் பெல்ட். அது மாற்றியதற்குப் பில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, அந்தச் செலவை விலையில் குறையுங்கள். ஓடும்போது பெல்ட் அறுந்தால் வால்வு வளைந்து இன்ஜின் வேலை வந்துவிடும். எகோஸ்போர்ட் டீசலுக்கும் இதே எச்சரிக்கைதான். டஸ்டர் பிடித்து விலை இடித்தால் நிஸான் டெரானோவைக் கேளுங்கள். முகம்தான் வேறு, உள்ளே அதே வண்டி. கேட்பார் குறைவு என்பதால் பேரம் படியும்.

பொலேரோவைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. களக்காடு, ஏர்வாடிப் பக்கம் வாழை போட்டிருப்பவர், தோட்டத்துக்கு உரமூட்டை ஏற்றுகிறவர், திசையன்விளைப் பக்கம் தேரி மணலில் தினம் போய் வருகிறவர் என்றால் வேறு எதையும் பார்க்காதீர்கள். லாரி மாதிரி தனிச் சட்டத்தின் மேல் பாடி உட்காரும் சேஸிஸ் வண்டி, பின்சக்கர இழுவை, பின்னால் லீஃப் ஸ்பிரிங். பாரம் ஏறினால்தான் அது ஒழுங்காகவே ஓடும். குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் போவதற்கு நான் சொல்ல மாட்டேன். 2019-க்கு முந்தையவற்றில் பெரும்பாலும் ஏர்பேக்கே இருக்காது. பின்னால் பக்கவாட்டு சீட்டில் குழந்தைகளை உட்கார வைத்து நூறில் போவதை நினைத்தாலே எனக்கு மனது ஒப்பவில்லை. இன்னொன்று, டி போர்டாக, அதாவது வாடகை வண்டியாக, ஓடி ஓன் போர்டாக மாற்றிய பொலேரோக்கள் நிறைய உண்டு. ஆர்.சி.யிலும் பழைய இன்சூரன்ஸ் காகிதத்திலும் அது தெரிந்துவிடும்.

இதுவரை டீசலையே பேசிவிட்டேன். வீட்டிலிருந்து ஆபீஸ், ஞாயிற்றுக்கிழமை குற்றாலம், வருஷத்துக்கு ஒருதரம் திருச்செந்தூர் என்று மாதம் ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடாதவர்களுக்கு டீசல் தேவையே இல்லை. எகோஸ்போர்ட்டின் 1.5 பெட்ரோல் நல்ல இன்ஜின். பிரெஸ்ஸாவில் பெட்ரோல் 2020 பிப்ரவரியில்தான் வந்தது, அதனால் விலை கூடுதல். 2020 ஏப்ரலுக்குப் பிறகு, புதிய புகை விதிப்படி வந்த பி.எஸ்.6 டீசல் எதையாவது யாராவது தள்ளிவிடப் பார்த்தால் யோசியுங்கள். அதில் புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். ஃபில்டர் இருக்கும். அடிக்கடி நெடுஞ்சாலையில் சூடேறி ஓடினால்தான் அது தானாகச் சுத்தமாகும். பாளையங்கோட்டைக்கும் ஜங்ஷனுக்கும் இடையிலேயே ஓடினால் அடைத்துக்கொள்ளும்.

எந்த வண்டி என்பதைவிட நம் ஊரில் கவனிக்க வேண்டியது தண்ணீர். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை புரண்டு ஜங்ஷன், கொக்கிரகுளம், வண்ணார்பேட்டை எல்லாம் தண்ணீர். அன்றைக்கு வீட்டு வாசலில் மூழ்கிய வண்டிகளைக் கழுவித் துடைத்து, சீட் கவர் மாற்றி, சென்ட் அடித்து விற்றால் வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியாது. உள்ளே ஒயரிங்கில் பச்சைப்பாசி பூத்த மாதிரி ஏறும் துரு மாதக்கணக்கில் வேலை செய்யும். ஒருநாள் பவர் விண்டோ நிற்கும், இன்னொருநாள் ஏர்பேக் லைட் எரியும், அப்புறம் ஸ்டார்ட்டே ஆகாது.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. நான்கு சீட் பெல்ட்டையும் கடைசி அங்குலம் வரை வெளியே இழுங்கள். எப்போதும் உள்ளே சுருண்டிருக்கும் அந்தக் கடைசி முழத்தைக் கழுவ யாருக்கும் தோன்றாது. வண்டல் நிறத்தில் ஒரு கோடோ மங்கலோ தெரிந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். பிறகு முன் சீட்டைப் பின்னால் தள்ளி, சீட் நகரும் தண்டவாளத்தைப் பிடிக்கும் போல்ட்டைப் பாருங்கள். அங்கே துரு இருக்கக் காரணமே இல்லை. கார்பெட்டின் ஓரத்தைத் தூக்கி அடிப்பஞ்சை அமுக்கி மோந்து பாருங்கள். ஸ்டெப்னி டிக்கிக்குள் இருந்தால் அதை வெளியே எடுத்து அந்தக் குழியில் விரலால் தடவுங்கள். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். “அண்ணாச்சி, ஒரே கை வண்டி, டாக்டர் வச்சிருந்தது, இதெல்லாம் பாக்கணுமா?” என்று கேட்பார். பார்க்கணும் அண்ணாச்சி என்று சொல்லிவிட்டுப் பாருங்கள்.

உவரி, இடிந்தகரை, தூத்துக்குடி என்று கடலோரத்திலேயே நின்ற வண்டி என்றால் லிஃப்ட்டில் ஏற்றி அடிப்பாகத்தைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். புதிதாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தால் ஒரு ஸ்க்ரூ டிரைவரால் தட்டிப் பாருங்கள். துருவை மூடியிருந்தால் சத்தமே காட்டிக்கொடுக்கும். காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது போங்கள். நீங்கள் போவதற்குள் ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். மீட்டரை நம்பாமல், வண்டி எண்ணைக் கொடுத்து கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய சர்வீஸ் விவரம் கேளுங்கள். டயரில் நான்கு இலக்கம் அச்சடித்திருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் வருஷத்து 23-வது வாரம் செய்தது.

காகிதம். டி.என். 72, 76, 69 என்று பக்கத்து ஆர்.டி.ஓ. வண்டியாக இருந்தால் அலைச்சல் குறைவு. செங்கோட்டை வழியாக வரும் கேரள வண்டியும், டெல்லி வண்டியும் விலையில் ஆசை காட்டும். டெல்லியில் பத்து வருஷம் தாண்டிய டீசல் கார்களுக்குத் தடை வந்ததால்தான் அந்த ஊர் வண்டிகள் இங்கே வரத் தொடங்கின. வெளிமாநில வண்டிக்கு அந்த ஊர் ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) வாங்கி, இங்கே வரி கட்டி, எண் மாற்ற வேண்டும். அந்த அலைச்சலையும் பணத்தையும் கூட்டிப் பார்த்தால் லாபம் பெரும்பாலும் கரைந்துவிடும். முதல் வண்டிக்கு வேண்டாம். லோனில் வாங்கிய வண்டி என்றால் ஃபைனான்ஸ் கம்பெனியின் என்.ஓ.சி.யும், ஆர்.சி.யில் லோனை நீக்கும் படிவம் 35-ம், பெயர் மாற்ற 29, 30 படிவங்களும் கையெழுத்தாகி உங்கள் கைக்கு வந்த பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள். பெயர் மாறிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். பழையவர் பெயரிலேயே கிடந்தால், வண்டியில் அடிபட்டு கிளெய்ம் போடும்போது உங்களுக்கு ஒரு ரூபாய் வராது.