எண்ணெய் வைத்தால் மங்கும், வைக்காவிட்டால் சாயும்: ராக்கொடியுடன் நான்கு ஆண்டுகள்

பழுதுபார்க்கக் கொடுத்திருந்த ராக்கொடி, அதாவது கொண்டையில் சூடும் நகை, சென்ற வாரம் நகை செய்யும் பத்தரிடமிருந்து திரும்பி வந்தது. அதை அணிந்துகொண்டு அலுவலகம் போன முதல் நாளே, என்னைவிட ஆறு வயது இளையவளான பக்கத்து மேசைத் தோழி, தன் தங்கைக்கும் இப்படி ஒன்று வாங்கலாமா, தினமும் போட்டுக்கொள்ளத் தோதாக இருக்குமா என்று கேட்டாள். 2022 பொங்கலுக்கு வாங்கியதிலிருந்து வாரத்துக்கு மூன்று நாட்களாவது அணிந்து, இரண்டு முறை பழுதுபார்த்து, ஒரு முறை புதுச்சேரி கடற்கரைச் சாலையில் தவறவிட்டுத் தேடியெடுத்த என்னால் அந்தக் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை.

பொருளைப் பற்றி அதிகம் விளக்கத் தேவையில்லை. வெள்ளியில் செய்து தங்க முலாம் பூசி, நடுவில் அன்னமும் சுற்றிலும் சிவப்புக் கெம்பும் வைத்த 38 கிராம் ராக்கொடி. நாட்டியம் ஆடுபவர்களும் மணப்பெண்களும் அணிவதுதான். நாகர்கோவில் வடசேரியின் கோயில் நகைகள் புவிசார் குறியீடு பெற்றவை. என்னுடையது அந்தச் சாயலில் செய்யப்பட்டதே தவிர அங்கே செய்யப்பட்டதன்று. பட்டுப் புடவைக்கு மட்டுமே பொருந்தும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அது மிக அழகாக இருப்பது வெறும் வெள்ளைச் சட்டைக்குத்தான். ஒரே நிபந்தனை, காதில் ஜிமிக்கியும் கூந்தலில் மல்லிகையும் கூடவே சேரக் கூடாது. சேர்ந்தால், "வீட்டில் என்ன விசேஷம்?" என்ற கேள்விக்கு லாஸ்பேட்டையிலிருந்து மிஷன் வீதி வரைக்கும் பதில் சொல்லிக்கொண்டே போக வேண்டியிருக்கும்.

முதல் ஓராண்டு என் கோபத்துக்கெல்லாம் ஒரே காரணம், அது சாயும் என்பதுதான். காலை ஒன்பதரைக்குக் கொண்டையின் நடுவில் நிமிர்ந்து நின்ற அன்னம், பதினொன்றரை மணித் தேநீருக்குள் கழுத்தைத் தொங்கப் போட்டு, மதியச் சாப்பாட்டின்போது என் காதை எட்டிப் பார்க்கும். பின்புறத்தில் இருந்தது ஒரே ஒரு வளையம். அதில் ஒரு கொண்டை ஊசியைச் செருகி முடிக்குள் தள்ளுவதோடு சரி. என் பாட்டியின் தலைமுறையில், எண்ணெய் ஊறப் படிய வாரி, சவுரி வைத்துப் பின்னி, இறுக்கிச் சுற்றிய கொண்டையில் இந்த ஒற்றை ஊசி சுவரில் அடித்த ஆணியைப்போல நின்றிருக்கும். ஷாம்பு போட்டு, மேலும் கீழுமாக வெட்டிவிட்டு, விரலால் சுருட்டிச் செருகிய என் கொண்டையில் அதற்குப் பிடிமானமே இல்லை.

சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி தெய்வவுத்தி, வலம்புரி, தொய்யகம், புல்லகம் ஆகிய தலையணிகளைச் சூடும் இடத்தைப் பலரும் நகைப் பட்டியலாகவே படிக்கிறோம். அதற்கு முன்னால் பத்துத் துவரும் (துவர்ப்புப் பொருள்கள்), ஐந்து விரையும் (நறுமணப் பொருள்கள்), முப்பத்திரண்டு ஓமாலிகையும் (மண மூலிகைகள்) ஊறிய நீரில் அந்தக் கூந்தலை ஆட்டி, புகையில் உலர்த்தி, கத்தூரிக் குழம்பு ஊட்டுகிறார்கள். நகையைச் சூடுவதற்கு முன்பே பாதி வேலை கூந்தலில் நடந்துவிடுகிறது. நானோ ஒரு ரூபாய் ஷாம்பு பொட்டலத்தோடு அந்த அத்தியாயத்தை முடித்துவிட்டு, ராக்கொடி நிற்கவில்லை என்று விற்றவரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

சரி, எண்ணெய் வைத்துத்தான் பார்ப்போமே என்று தாராளமாகத் தேங்காய் எண்ணெய் தடவி வாரிக்கொண்டேன். மாலை ஆறு மணி வரை அன்னம் அசையவில்லை. அந்த மகிழ்ச்சி இரண்டு மாதங்களுக்குத்தான். அதன்பின் ஒருநாள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், கீழ்வரிசைக் கற்கள் பழம்புளியின் நிறத்துக்கு வந்திருந்தன. துடைத்தேன், பயனில்லை. பத்தர் சொன்ன பிறகே காரணம் விளங்கியது: இவ்வகைக் கல்லின் பின்புறம் மூடியிருக்கும், கல்லுக்கு அடியில் பளபளக்கும் மெல்லிய தகடும் அதற்கும் அடியில் அரக்கும் உண்டு. நாம் பார்க்கும் சிவப்பில் பெரும்பங்கு அந்தத் தகட்டில் பட்டுத் திரும்பும் ஒளி. எண்ணெயோ நீரோ விளிம்பு வழியாக உள்ளே இறங்கினால் தகடு மங்கும், கல் இருண்டுவிடும். வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு ஈரம் காயுமுன் சூடிக்கொண்டதும் சேர்ந்து 11 கற்களைப் பலிவாங்கியிருந்தது. ஆக, எண்ணெய் வைத்தால் நிற்கிறது, ஆனால் மங்குகிறது. வைக்காவிட்டால் மின்னுகிறது, ஆனால் சாய்கிறது. விற்பவர் சொல்ல வேண்டியது இந்த ஒன்றைத்தான். அவரோ பெட்டியின் வெல்வெட் துணியைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார்.

ராக்கொடியின் பின்பக்கம் கறுத்ததற்கும் நான் தவறான குற்றவாளியைத்தான் பிடித்திருந்தேன். புதுச்சேரியில் எது கெட்டாலும் உப்புக்காற்றின் மேல் பழி போடுவது வழக்கம். கேட், ஃபிரிட்ஜ், ஸ்கூட்டரின் சைலன்சர், எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம். பத்தர் என் கொண்டையைப் பார்த்துச் சிரித்தார். "காத்து இல்லம்மா, ரப்பர்தான்" என்றார். முடியைக் கட்டியிருந்த ரப்பர் பேண்டில் கந்தகம் இருக்கிறது; வெள்ளி கந்தகத்தோடு சேர்ந்தால் கறுக்கும். நான் அதன் மேலேயே வெள்ளியை அணியும் நாளெல்லாம் மணிக்கணக்கில் அழுத்தி வைத்திருக்கிறேன். இப்போது பருத்தி நாடாவால்தான் கட்டுகிறேன், கறுப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது. காற்றிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. என் கேட் இன்னும் துருப்பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது.

இரண்டாவது பழுது, அதாவது சென்ற வாரம் முடிந்தது, கூடுதலாக இரண்டு வளையங்கள் வைப்பதற்கு. சிறிய வேலைதானே என்று நினைத்துப் போனேன். பற்றவைக்கும் சூட்டில் அரக்கு உருகிவிடும் என்பதால், கற்களை எடுத்து, அரக்கைச் சுரண்டி, வளையத்தைப் பற்றவைத்து, முலாமும் பூசி, மறுபடியும் அரக்கு ஊற்றிக் கல் பதித்தார். மூன்று வாரங்கள் ஆயின, கூலி 1,400 ரூபாய். முணுமுணுத்துக்கொண்டேதான் கொடுத்தேன். ஆனால் இப்போது மூன்று ஊசிகள் மூன்று திசைகளில் போகின்றன; கொண்டைக்கு நடுவில் சிறு பின்னல் ஒன்றைச் சுருட்டிவைத்து, ராக்கொடியின் முதுகில் வட்டமாக வெட்டிய கறுப்புப் பருத்தித் துணி ஒன்றையும் தைத்துக்கொண்டேன். எண்ணெய் இல்லாமலேயே ஆறு நாட்களாக அன்னம் நிமிர்ந்து நிற்கிறது. இதை முதல் நாளே செய்து தந்திருந்தால் எனக்கு நான்கு ஆண்டுகள் மிச்சமாகியிருக்கும்.

ஹெல்மெட்டுக்கு மட்டும் தீர்வு இல்லை. இரண்டையும் சேர்த்து அணிய இயலாது, ஹெல்மெட்டை விடவும் கூடாது. ஆகவே ராக்கொடி பருத்தித் துணியில் சுற்றிக் கைப்பையில் பயணம் செய்கிறது. அலுவலகக் குளியலறைக் கண்ணாடி முன்னால் ஐந்து நிமிடம் நின்று சூடிக்கொள்கிறேன், மாலையில் அதே கண்ணாடி முன்னால் கழற்றுகிறேன்.

எதிர்பாராத இன்பம் ஒன்றையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. பெரிய மார்க்கெட்டில் காய் வாங்கும்போதும் மணக்குள விநாயகர் கோயில் வரிசையிலும், முன்பின் அறியாத வயதான பெண்கள் பின்னாலிருந்து அதைத் தொட்டுப் பார்க்கிறார்கள். அனுமதி கேட்பதில்லை, எனக்கும் அது வேண்டியதில்லை. கேட்கும் கதை ஏறத்தாழ ஒன்றேதான்: "எங்க அம்மாது இருந்துச்சு, அழிச்சு வளையல் பண்ணிட்டோம்." ஒருவருடையது அழிந்து கம்மலாகியிருக்கும், இன்னொருவருடையது அண்ணனின் படிப்புக்காக அடகுக்குப் போய்த் திரும்பாமல் இருந்திருக்கும். ஒரு மூதாட்டி என் அன்னத்தை நேராக்கிவிட்டு, ஊசியை எந்தப் பக்கம் செருக வேண்டும் என்றும் கற்றுக்கொடுத்தார்.

இத்தனையும் சொன்ன பிறகு தோழி, வாங்கலாமா கூடாதா என்று மட்டும் கேட்டாள். வேண்டாம் என்றேன். நான் வாங்கியபோது கிராம் எழுபது ரூபாய்க்கு அக்கம்பக்கத்தில் இருந்த வெள்ளி இன்று இரு மடங்கைத் தாண்டிவிட்டது. காந்தி வீதி ஞாயிறு சந்தையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கவரிங்கை ஒரு மாதம் போட்டுப் பார்க்கட்டும், அதற்குள் தங்கைக்குச் சலித்துவிடும் என்றேன். அப்படியானால் தங்கையின் நிச்சயதார்த்தத்துக்கு ஒரே ஒரு நாள் உங்களுடையதை இரவல் கொடுங்கள் அக்கா என்றாள்.

தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.