எட்டுக்கு நாற்பத்திரண்டு பைனாகுலர்: ஒரு வாட்ச் மெக்கானிக்கின் கண்ணில்

நாற்பத்தோரு வருடம் மதுரை மேலமாசி வீதிப் பக்கம் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருந்தவன் நான். ஒரு கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு அரையடி தூரத்துக்குள்ளேயே ஆயுசைக் கழித்தாயிற்று. தூரத்தில் இருப்பதைப் பார்க்க ஒரு சாமானுக்கு 9,400 ரூபாய் கொடுப்பேன் என்று நினைத்ததே இல்லை. "இந்தக் காசுக்கு நல்ல கிரைண்டரே வந்திருக்கும்" என்று வீட்டம்மா சொன்னதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

ஆசை தொற்றியது வட அயர்லாந்தில். மகள் பெல்ஃபாஸ்டில் நர்ஸ். டிசம்பரில் போயிருந்தபோது மருமகன் லாக் நே ஏரிப் பக்கம் கூட்டிப்போனார். நான் வண்டியூர்க் கண்மாயை மனதில் வைத்துக்கொண்டு போனேன். அதுவோ மறுகரை தெரியாத ஏரி. பக்கத்து வயலில் வெள்ளை மூட்டைகளாகக் கிடந்தன. உர மூட்டை போலிருக்கிறது என்று நினைத்தேன். ஒரு மூட்டை கழுத்தை நிமிர்த்தியது.

அன்னம். சேலை பார்டரிலும் குத்துவிளக்கு உச்சியிலும் பார்த்த அன்னம் இல்லை, காட்டு அன்னம். ஊப்பர் என்று பெயர். கரையில் நின்ற ஒரு பெரியவர் தன் பைனாகுலரைக் கழற்றி என் கையில் கொடுத்தார். அந்த இரண்டு நிமிடத்தில் விழுந்தவன்தான். அலகின் அடிப்பாகம் எலுமிச்சம்பழ மஞ்சள், நுனி கறுப்பு. தாய் தகப்பனோடு சாம்பல் நிறத்தில் மூன்று குஞ்சுகள். குஞ்சு என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது, உருவத்தில் கிட்டத்தட்ட பெற்றோர் அளவு. கோடையில் ஐஸ்லாந்தில் பிறந்து, அக்டோபர் வாக்கில் பெற்றோரோடு சேர்ந்தே கடலைத் தாண்டி வந்தவை. எண்ணூறு கிலோமீட்டருக்குமேல் வெறும் கடல். வழியைத் தனியாக யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. கூடப் பறப்பதுதான் பாடம். முதல் குளிர்காலம் முழுக்கக் குடும்பம் பிரியாது. மார்ச், ஏப்ரலில் திரும்பப் போய்விடும். பாலையும் நீரையும் பிரிக்கும் என்று படித்த அன்னம், அறுவடையில் விட்டுப்போன உருளைக்கிழங்கை மண்ணோடு தின்றுகொண்டிருந்தது. குரலும் அப்படித்தான்: பழைய லாரியின் பந்து ஹாரனை இரண்டு இரண்டு தடவையாக அமுக்கியது மாதிரி.

சரி, சாமானுக்கு வருகிறேன். ஊர் திரும்பியதும் டவுன் ஹால் ரோட்டை ஒட்டிய ஒரு கடையில் வாங்கினேன். கடை பெயரும் கம்பெனி பெயரும் வேண்டாம், காரணம் கீழே இருக்கிறது. எட்டு என்பது பெருக்கம், நாற்பத்திரண்டு என்பது முன் கண்ணாடியின் குறுக்களவு மில்லிமீட்டரில். நாற்பத்திரண்டை எட்டால் வகுத்தால் ஐந்தே கால். அந்த அகல ஒளிதான் நம் கண்ணுக்குள் வரும். என் வயதுக் கண்ணின் பாவை இருட்டிலேயே அதற்குமேல் பெரிதாக விரியாது. ஆகவே ஐம்பது மில்லிமீட்டர் வாங்கிக் கழுத்து வலி தேடிக்கொள்ள வேண்டியதில்லை. கடைக்காரத் தம்பி பத்துப் பெருக்கத்தைத்தான் தள்ளிவிடப் பார்த்தார். பத்தில் பறவையோடு சேர்ந்து நம் கை நடுக்கமும் பெரிதாகும். எட்டே போதும்.

முதலில் கொடுத்தது பழுது. மொட்டைமாடியில் இருந்து தெற்குக் கோபுரத்தைப் பார்த்தேன்; ஒவ்வொரு கலசத்துக்கு மேலும் இன்னொரு கலசம் நிழலாக நின்றது. இரண்டு குழலும் ஒரே திசையைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். உள்ளே ஒளியைத் திருப்பிவிடும் கண்ணாடிக் கட்டி, பிரிசம், ஒரு முடி அளவு நகர்ந்திருக்கும். கொஞ்ச நேரம் பார்த்தால் கண்ணே இழுத்துப் பிடித்துச் சரிக்கட்டிவிடும், அப்புறம் சாயங்காலம் தலைவலி. கடையில் போய்ச் சொன்னால், "ஐயா, உங்க கண்ணுல பவர் மாறியிருக்கும்" என்கிறார்கள். என்னிடமா! தூரத்துச் செல்போன் டவர் உச்சியைக் காட்டி, கருவியைக் கண்ணில் இருந்து மெதுவாக நாலு விரற்கடை விலக்கிப் பார்க்கச் சொன்னேன். உச்சி ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் பிரிந்தது. தம்பி பேசாமல் வேறு பெட்டியைப் பிரித்தார். நீங்களும் பணம் கொடுக்கும் முன்னால் வாசலில் நின்று இப்படிப் பாருங்கள்.

இரண்டாவது பெட்டியில் குறை சொல்ல மனமில்லை. ஃபோகஸ் சக்கரம் ஆரம்பத்தில் இருந்து கடைசிவரை ஒரே இறுக்கம். திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஆட்டமே இல்லை. மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் கண் வைக்கும் இடத்தில் இருக்கும் கப்பைக் கீழே திருகி இறக்கிவிட்டால் முழு வட்டமும் தெரிகிறது. நடுக் கீல் கொஞ்சம் இளக்கம். வார் மகா மட்டம், ஒரு மணி நேரத்தில் கழுத்தை அறுத்துவிட்டது. பழைய கேமரா வாரை மாட்டிக்கொண்டேன்.

அன்னம் நம் பக்கம் வராது. அந்த ஏக்கத்துக்கு மருந்து கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம். பிப்ரவரியில் நண்பர் காரில் விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பி, திருநெல்வேலி தாண்டி, மூலைக்கரைப்பட்டி வழியாகப் போனோம். தூரத்துக் கரையில் வெறுங்கண்ணுக்குச் சாம்பல் புள்ளிகள். கருவியில் பார்த்தால் வெள்ளைத் தலையும் பின்மண்டையில் இரண்டு கறுப்புக் கோடும், எண்ண முடிகிற அளவுக்குத் தெளிவு. வரித்தலை வாத்து. மங்கோலியா, திபெத் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, இமயமலையைத் தாண்டி இந்தியாவில் குளிர்காலத்தைக் கழிக்கும் ஜாதி. டிரான்ஸ்மிட்டர் கட்டிவிட்டுப் பார்த்ததில் 7,290 மீட்டர் உயரம் வரை போயிருக்கிறது. விமானத்தில் நமக்கு மாஸ்க் மாட்டச் சொல்லிக்கொடுக்கிறார்கள். இதற்கு ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினே மெல்லிய காற்றிலிருந்து ஆக்சிஜனைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. எடை இரண்டு, மூன்று கிலோதான். எங்கள் வீட்டுக் குக்கர் அதைவிடக் கனம்.

பத்து மணிக்குமேல் தண்ணீர்மேல் கானல் ஆட ஆரம்பித்துவிட்டது. அதற்கு லென்ஸைத் திட்டிப் பயனில்லை, லட்ச ரூபாய்க் கருவியிலும் ஆடும். வெயிலுக்கு முன்னால் போய்விடுங்கள்.

பக்கத்திலேயே பார்க்கச் சாமநத்தம் கண்மாய் போதும். புள்ளிமூக்கு வாத்து, நத்தைகுத்தி நாரை எல்லாம் கரையில் உட்கார்ந்தபடியே கிடைக்கும்.

வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். ஒரே ஒரு யோசனை. வலது கண்ணுக்குத் தனியாக ஒரு திருகு வளையம் இருக்கிறது, நம் கண்ணுக்கு ஏற்றபடி ஒரு தடவை வைத்துவிட வேண்டும். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க மச்சினர் இரவல் வாங்கிப்போனார். திரும்பி வந்தபோது வளையம் எங்கோ இருந்தது. இப்போது மகள் விட்டுப்போன நகச்சாயத்தால் என் அளவில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறேன்.