பெரியப்பாவின் மைனரும் காலடியில் ஒரு மாஸ்டர் சிலிண்டரும்

மொரிஸ் மைனர் என்ற பழைய இங்கிலாந்துக் கார் மலைநாட்டு ரோட்டுக்குச் சரிவருமா என்று பண்டாரவளை நண்பன் கேட்டிருந்தான். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திரும்பத் தொடங்கியும் புதுக்கார் அவன் கைக்கு எட்டவில்லை. நல்ல மைனர் ஒன்று அகப்பட்டால் வாங்கிவிடலாமா என்பது அவன் கேள்வி. என்னுடையதைப் போன கிழமைதான் கராஜிலிருந்து எடுத்து வந்தேன். பில்லும் பெரிது, கோபமும் இன்னும் ஆறவில்லை. அதனால் நேராக பிரேக்குக்கே வருகிறேன்.

பெடலை மிதிக்கும் அழுத்தத்தை பிரேக் ஒயில் வழியாகச் சக்கரங்களுக்கு அனுப்புவது மாஸ்டர் சிலிண்டர். மைனரில் அது சாரதியின் காலுக்குக் கீழே, சேஸியின் பெட்டிச் சட்டத்துக்குள் இருக்கிறது. பொனட்டைத் திறந்து எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. ஒயில் மட்டம் பார்க்க வேண்டுமென்றால் விரிப்பைச் சுருட்டி, தரைத் தகட்டிலுள்ள சின்ன மூடியைக் கழற்றி, டோர்ச் அடித்து, உள்ளே சிலிண்டரின் அடைப்பைத் திருகித் திறக்க வேண்டும். அட்டன் பக்கம் மே மாதம் பிடிக்கும் மழை செப்டெம்பர் வரை விடாது. சப்பாத்தோடு ஏறிய சேறு விரிப்பின் அடியில் காய்ந்து பொடியாகிக் கிடக்கும். அடைப்பைத் திறந்ததும் அந்தப் பொடி நேரே ஒயிலுக்குள் விழப் பார்க்கும். முதலில் பெயின்ட் பிரஷால் ஓரமெல்லாம் கூட்டி, பிறகு துணியால் துடைத்து, அப்புறம்தான் நான் ஸ்பானரைக் கையில் எடுப்பேன். இவ்வளவும் முதுகை வளைத்து, தலையை ஸ்டியரிங்கின் கீழே கொடுத்துச் செய்கிற வேலை.

சரி, எட்டாத இடத்தில் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளலாம் என்று சமவெளியில் இருப்பவர்கள் சொல்லலாம். நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கிப் பார்த்தவர்கள் சொல்ல மாட்டார்கள். நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், நான்குக்கும் சேர்த்து ஒரே ஒரு ஒயில் லைன். எங்காவது ஒரு குழாய் ஒழுகினால் மிஞ்சுவது ஹேண்ட்பிரேக் மட்டும்தான். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் சாமான். ஈரம் ஏறிய ஒயில் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும், பெடல் அடிவரை போய்விடும். அதனால்தான் அதை அடிக்கடி பார்க்க வேண்டும், குறித்த காலத்தில் மாற்ற வேண்டும். அடிக்கடி பார்க்க வேண்டிய ஒன்றை இப்படி ஒளித்து வைத்திருக்கிறார்களே என்பதுதான் என் ஆத்திரம்.

கழற்றுவது அதைவிடக் கொடுமை. சிலிண்டரைப் பிடித்திருப்பவை இரண்டே இரண்டு நீள போல்ட். நட்டைக் கழற்றிவிடலாம், போல்ட்டை உருவ முடியாது. முன் சக்கர சஸ்பென்ஷனில் ஸ்பிரிங்குக்குப் பதிலாக முறுங்கிக் கொடுக்கும் கம்பியான டோர்ஷன் பார் சரியாகக் குறுக்கே கிடக்கிறது. ஒரு ரப்பர் வொஷர் மாற்றுவதற்காக முன்பக்கத்தை ஜக்கில் ஏற்றி, டோர்ஷன் பாரை விடுவித்து, பிறகு எல்லாவற்றையும் திரும்ப உயரம் பார்த்துப் பூட்ட வேண்டும். எங்கள் கராஜ் மெக்கானிக் பாஸ் நிதானமான மனுஷன், யாரையும் வையமாட்டார். அவரே காருக்கு அடியிலிருந்து, "இத வரைஞ்சவன் மலையப் பாத்திருக்க மாட்டான் தம்பி" என்றார்.

நியாயத்துக்குச் சொல்ல வேண்டும்: 1948இல் வந்த வடிவமைப்பு இது. அந்தக் காலத்து கார்களில் பெடல் தரையிலிருந்துதான் முளைக்கும், சிலிண்டரும் பெடலுக்குப் பக்கத்தில் தரைக்கடியில் இருப்பது வழக்கம். ஆனால் 1971 வரை இந்தக் காரைச் செய்தார்கள். எஞ்சினை 948 சிசியாக்கினார்கள், 1962இல் 1098 ஆக்கி முன் டிரம்மையும் பெரிதாக்கினார்கள். சிலிண்டரை மட்டும் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டார்கள். அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இந்தக் கார் எங்களுக்குப் புதிதல்ல. பெரியப்பா இதை வைத்து அட்டன் ஸ்டாண்டில் ஹயர் ஓடினார். தோட்டத்து லயங்களிலிருந்து பிரசவ வலியோடு டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போன எத்தனையோ பேர் இதில்தான் போனார்கள். ஸ்டாண்டுக்கு வேன்கள் வந்த பிறகு கட்டுப்படியாகாமல் விற்றுவிட்டார். கம்பளைக்கு அந்தப் பக்கம் ஒரு மர ஆலைக் கொட்டகையில் பழைய மைனர் கிடப்பதாக பாஸ்தான் சொன்னார். ஸ்ரீ இலக்கத் தகடு அப்படியே இருந்தது. பழைய பதிவுப் புத்தகத்தில் கைமாறிய பெயர்கள் வரிசையாக இருக்குமல்லவா, அதில் பெரியப்பாவின் பெயரைப் பார்த்ததும் விலையைப் பற்றி நான் அதிகம் பேசவில்லை.

ஓட்டத் தொடங்கியபோது பெரியம்மாவை முன் சீட்டில் ஏற்றினேன். சாவியைத் திருப்பியதும் பெற்றோல் பம்ப் டக் டக் என்று வேகமாக அடித்தது. கார்புரேட்டர் கிண்ணம் நிரம்ப நிரம்ப சத்தம் மெதுவாகி நின்றது. நான் ஸ்டார்ட்டரை இழுக்கப் போனேன். பெரியம்மா என் கையைத் தடுத்து, இன்னும் ஒரு டக் கேட்ட பிறகு, "ம், இப்ப இழு" என்றார். அவர் வாழ்நாளில் கார் ஓட்டியதில்லை.

இனி பிடித்ததைச் சொல்கிறேன். ஸ்டியரிங். பவர் ஸ்டியரிங் வைத்த எந்தப் புதுக்காரிலும் எனக்கு இந்தச் சுகம் கிடைத்ததில்லை. லபுக்கலையிலிருந்து றம்பொடை வரையுள்ள கொண்டை ஊசி வளைவுகளில் ரோட்டின் ஒவ்வொரு கல்லும் கைக்கு வந்து சொல்லும், ஆனால் கையை அடிக்காது. ஸ்டியரிங்கின் பல்சக்கரம் ஒரு பற்சட்டத்தை நேராக நகர்த்தும் ரேக் அண்ட் பினியன் அமைப்பை இத்தனை சின்னக் காருக்கு அந்தக் காலத்திலேயே கொடுத்தவர் இதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ். மாதிரிக் காரைப் பார்த்து ஒடுக்கமாக இருக்கிறது என்று அதை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, 4 அங்குலம் அகட்டி வைத்தவரும் அவர்தான். பொனட்டின் நடுவே ஓடும் தட்டையான பட்டை அந்த 4 அங்குலத்தின் அடையாளம். வளைவில் கார் சாயாமல் நிற்கும்போது அந்த அகலம் எதற்கென்று புரிகிறது.

ஏற்றத்தில் அவசரப்படக் கூடாது. கடல்மட்டத்தில் 48 குதிரைவலு என்று புத்தகத்தில் இருக்கும். நுவரெலியா 1,868 மீற்றர், காற்று ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மெல்லியது. வலுவும் அந்த அளவு குறையும். எஸ்.யு. கார்புரேட்டரில் பெற்றோல் கலவையைக் கூட்டிக் குறைக்கும் அடி நட்டை ஒரு முகம் மேலே திருப்பிவிட்டால் கரும்புகை நின்றுவிடும். ஓட்டத்திலேயே கியரைச் சத்தமின்றி விழ வைக்கும் சிங்க்ரோ முதல் கியருக்குக் கிடையாது. வளைவில் ஆள் பாரத்தோடு தேங்கினால் காரை முழுசாக நிறுத்திவிட்டுத்தான் போட வேண்டும். நானுஓயாப் பக்கம் இரவுப் பனியில் ஊர்ந்து போகும்போது டைனமோ சார்ஜ் கொடுக்காது, லைட் மங்கும். கிரீஸ் அடிக்க வேண்டிய இடங்களைத் தவறவிட்டால் முன் சக்கரம் மடங்கிவிடும். இவையெல்லாம் பழகிவிடும். 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கியூஆர் கோட்டாவில் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் கொடுத்த காலத்திலும் இது என்னை நடுரோட்டில் விட்டதில்லை.

உதிரிப்பாகத்துக்கும் குறை சொல்ல மாட்டேன். கொழும்பு பஞ்சிகாவத்தையில் அலைந்தால் கிடைக்கும். ஒரு காலத்தில் நம் நாட்டில் மைனருக்குத் தகட்டுப் பாகங்கள் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பினார்கள். அந்தக் கார் பிறந்த ஊருக்கு இங்கிருந்து பாகம் போனது என்பதில் எனக்குப் பெருமைதான்.

இந்த முறை பாஸ் ஒரு வேலை செய்தார். எஞ்சின் பக்கம் ஒயில் டப்பா ஒன்றைப் பொருத்தி, அங்கிருந்து குழாயைக் கீழே சிலிண்டருக்கு இறக்கிவிட்டார். இனி பொனட்டைத் தூக்கினால் மட்டம் தெரியும். முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை இது, காரைச் செய்தவர்கள். ஆனாலும் சிலிண்டர் இன்னும் என் காலடியில்தான் இருக்கிறது. அடுத்த முறை வொஷர் போனால் திரும்ப ஜக், திரும்ப டோர்ஷன் பார்.

ஆகவே மச்சான், வாங்காதே. தினமும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பண்டாரவளையிலிருந்து வெல்லவாயப் பக்கம் இறங்குகிறவனுக்கு ஒரே லைன் பிரேக் வேண்டாம். இதை நான் என் காரின் மேல் உள்ள பிரியம் துளியும் குறையாமல் சொல்கிறேன். என்னுடையதை யார் கேட்டாலும் கொடுக்க மாட்டேன்.

மீறி வாங்குவதென்றால் பெயின்ட்டையும் சீட்டையும் பார்த்து மயங்காதே. வலது பக்கச் சட்டத்தை ஸ்குரூடிரைவரால் குத்திப் பார். சிலிண்டரைச் சுற்றி ஒயில் ஒழுகிய இடத்தில் பெயின்ட் உரிந்து துரு பிடித்திருக்கும். அந்தச் சட்டம் இற்றுப்போயிருந்தால் சும்மா கொடுத்தாலும் எடுக்காதே. பார்க்கப் போகிற நாளைச் சொல், பாஸையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.